மார்கழி வெயில் எந்தப் பக்கம் விழும்? நிழல் வீட்டில் ஸ்ட்ராபெரி வைப்போர் செய்யும் தவறுகள்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு வரிசை சில்வர் ஓக், மேற்கே பக்கத்து வீட்டு மாடி. நல்ல வெயில் என்று சொல்லிக்கொள்ள அரை நாள்கூடக் கிடைக்காது. இந்த நிலத்தில்தான் சில வருடங்களாக ஸ்ட்ராபெரி வைத்துப் பறித்து வருகிறேன். முதல் வருடம் மட்டும் ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணமான தவறை இன்றும் பல வீடுகளில் பார்க்கிறேன், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பாத்தி போட இடம் பார்த்தது மே மாதம். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி அருமையான வெயில் அடித்தது. அங்கேயே மண்ணைக் கிளறி, எரு போட்டு, அக்டோபரில் கன்று நட்டேன். கார்த்திகை வந்தபோது அந்த இடம் நாள் முழுக்க ஈரமும் இருட்டுமாகக் கிடந்தது. எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். பாத்தியைப் பார்த்ததுமே, "மார்கழி வெயிலு தெக்கால போயிருமே கண்ணு, வடக்கால வெச்சா எப்பிடிக் காய்க்கும்?" என்றார்.

அவர் சொன்னது கணக்குப்படி சரி. சேலமும் ஏற்காடும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கின்றன. ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் 22 வாக்கு வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மே மாதம் வடக்குச் சுவர் பளபளத்தது அதனால்தான். செப்டம்பர் 23 தாண்டிவிட்டால் காலை முதல் மாலை வரை சூரியன் தெற்குப் பக்கமே நகரும். கிழக்கு மேற்காக ஓடும் சுவரின் வடக்கு அடிவாரத்தில் மார்ச் 21 வரை வெயில் படவே படாது. டிசம்பர் கடைசியில் பத்தடிச் சுவர் நண்பகலில்கூட ஏழடி நீளத்துக்கு நிழலை வடக்கே நீட்டும். நம் பக்கம் ஸ்ட்ராபெரி நட்டு, பூத்து, காய்க்கும் காலமும் அக்டோபர் முதல் மார்ச் வரைதான். கோடையில் இடம் தேர்ந்தெடுத்தால் செடிக்குத் தேவையே இல்லாத மாதத்து வெயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும்.

அதனால் இப்போது நான் செய்வது இது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை மணிக்கொரு தடவை தோட்டத்தைச் சுற்றி வந்து, வெயில் விழும் இடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் குறித்துவிடுவேன். ஆறு மணி நேரம் நேர் வெயில் கிடைத்தால் தாராளம். நான்கு மணி நேரமென்றால் பழம் வரும், எண்ணிக்கையும் இனிப்பும் குறையும். அதற்கும் கீழே என்றால் அந்த இடத்தில் கீரையோ புதினாவோ வையுங்கள், ஸ்ட்ராபெரியை வதைக்க வேண்டாம். பழத்தின் சர்க்கரை இலையில் உண்டாகிறது, அதற்கு வெளிச்சம் வேண்டும். நிழலில் பழம் சிவந்தாலும் புளிப்பதற்குக் காரணம் இதுவே.

நிழலிலும் இரண்டு வகை உண்டு. சுவர் நிழல் மொத்தமாக மூடிவிடும். மர நிழலில் ஒளி சல்லடைபோல் சிதறி விழும், அதைக் கூட்டவும் முடியும். காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பது வழக்கமான வேலை. வீட்டுத் தோட்டத்தில் மட்டும் மரத்தைத் தொடத் தயங்குகிறோம். தாழ்ந்த கிளைகளை நடவுக்கு முன்பே கழித்துவிட்டால் வெளிச்சத்தில் எவ்வளவு மாற்றம் என்று நீங்களே பார்ப்பீர்கள். தெற்கு பார்த்த சுவருக்கு வெள்ளை அடித்து, அதன் முன்னால் தொட்டிகளை வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் செடிக்குச் சேரும்.

தொட்டி என்றதும் இன்னொன்று. மரத்தடியில் தரையில் நடுவது தவறு. ஸ்ட்ராபெரியின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை அடிக்குள்ளேயே இருக்கும். சில்வர் ஓக் வேரோடு தண்ணீருக்குப் போட்டி போட அதனால் ஆகாது. குரோ பேக்கிலோ அகலமான தொட்டியிலோ வைத்தால் அந்தச் சண்டை இல்லை, வெயில் நகர நகரத் தூக்கியும் வைக்கலாம்.

கன்றை எவ்வளவு ஆழத்தில் நடுவது என்பதில் நிறையப் பேர் இடறுகிறார்கள். இலைக்காம்புகள் எல்லாம் வந்து கூடும் கட்டையான இடம், அதாவது நடுக்குருத்து, மண் மட்டத்தோடு சரியாக இருக்க வேண்டும். கத்தரி, தக்காளி நாற்றுபோல் அழுத்திப் புதைத்தால், மூடுபனியும் நிழலும் சேர்ந்த நம் மலையில் குருத்து அழுகிவிடும். மேலே தூக்கி நட்டாலோ வேர் காய்ந்துபோகும். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மண் இறங்கும், மறுநாள் போய் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யுங்கள்.

விதை வாங்கி ஏமாறுவதும் உண்டு. கடையில் பார்க்கும் பெரிய பழம் இரண்டு அமெரிக்கக் காட்டு இனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கலந்து உண்டான கலப்பினம். அதன் விதை முளைத்தாலும் தாயைப்போல் காய்க்கும் என்ற உறுதி கிடையாது. தாய்ச்செடியிலிருந்து தரையில் படரும் ஓடுகொடியில் வந்த கன்றையே வாங்குங்கள். விதைதான் வேண்டுமென்றால் ஆல்பைன் எனப்படும் சின்னப் பழ வகை நல்லது. அது காட்டோரத்தில் வளரும் இனம், அரை நிழலை மற்றதைவிட நன்றாகத் தாங்கும். பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான், மணம் மட்டும் அள்ளும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் வைக்கச் சொல்வேன்.

செடி சோம்பலாக இருக்கிறதே என்று உரம் கொட்டாதீர்கள். நிழலில் செடி ஏற்கெனவே இலையைப் பெரிதாக்கிக்கொண்டுதான் இருக்கும். யூரியாவோ அதிகமான ஆட்டெருவோ சேர்த்தால் இலை இன்னும் தழைத்து, பூ மறைந்து, காற்றோட்டமும் போய்விடும். நடும்போது மக்கிய தொழுவுரம், பூ அரும்பும்போது கொஞ்சம் சாம்பல் சத்து, எனக்கு இது போதுமானதாக இருக்கிறது.

தண்ணீரையும் வெயில் செடிக்கு ஊற்றும் கணக்கில் ஊற்றக் கூடாது. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், காலையில், வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் பூவாளியால் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நிற்கும். பழத்தின்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் பூஞ்சாணம் பிடிக்கும், ஒரு பழத்தில் வந்தால் ஒட்டியிருக்கும் பழத்துக்கும் தாவும். அதைக் கண்டதும் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே போட்டுவிடுங்கள். மண்மேல் வைக்கோல் பரப்பினால் பழம் ஈரத்தில் படாது. ஆனால் வைக்கோலுக்கு அடியில் ஓடில்லா நத்தை ஒளியும், இருட்டியபின் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கத்தான் வேண்டும்.

இனி கீழே, சேலத்தில் வைப்பவர்களுக்கு. மலைக்கும் ஊருக்கும் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர வித்தியாசம், அதனால் ஏழெட்டு டிகிரி வெப்ப வித்தியாசம். "நிழல்ல வெச்சா தாங்கிடும்" என்பது ஊரில் பரவலான நம்பிக்கை. நிழல் உச்சி வெயிலைத் தடுக்கும், இரவின் புழுக்கத்தை அதனால் குறைக்க முடியாது. நம் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது, ஆகவே பகல் குறுகினால் பூக்கும் குறும்பகல் வகைகளுக்கும் இங்கே பகல் நீளம் ஒருபோதும் தடையில்லை. தடுப்பது வெப்பம்தான். சேலத்தில் நவம்பரில் நட்டு, பிப்ரவரிக்குள் பறித்து, செடியை ஒரு பருவப் பயிராகவே நினையுங்கள். பச்சை வலையை நாள் முழுக்க விரித்து வைக்காமல், பிற்பகலுக்கு மட்டும் இழுத்து விடுங்கள். காலை வெயிலைச் செடி முழுதாக வாங்கிக்கொள்ளட்டும்.

சேலத்துக்கே உரிய இன்னொரு தொல்லை தண்ணீர். ஓமலூர் போகும் வழியில் வெள்ளைக்கல் வெட்டும் நிலம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆழ்துளைத் தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படிகிறதென்றால், அதே உப்பு தொட்டி மண்ணிலும் படியும். ஸ்ட்ராபெரிக்கு 5.5 முதல் 6.5 வரை அமில கார அளவுள்ள, லேசாகப் புளித்த மண் பிடிக்கும். மண் காரமாகிவிட்டால் இரும்புச் சத்து உள்ளே இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். அதை நோயென்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். ஐப்பசி மழையைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றினால் செடி தானாகத் தேறும்.

பழம் கோணல்மாணலாக வருகிறதா? அதுவும் நிழல் சங்கதிதான். பழத்தின்மேல் விதைபோல் தெரியும் ஒவ்வொன்றும்தான் உண்மையான கனி, சிவந்த சதை பூவின் அடிப்பாகம் உப்பியது. மகரந்தம் சேர்ந்த விதையைச் சுற்றி மட்டுமே சதை பெருகும். தேனீ வெயில் பட்ட பூவைத்தான் விரும்பித் தேடும், நிழல் மூலைக்கு அரிதாகவே வரும். பத்து மணி வாக்கில் மெல்லிய ஓவியத் தூரிகையால் ஒவ்வொரு பூவின் நடுவையும் வட்டமாகத் தடவிக்கொடுங்கள்.

கடைசியாக, அவசரப்பட்டுப் பறிக்காதீர்கள். வாழையும் மாவும்போல் இதைப் பழுக்க வைக்க முடியாது. பறித்தபின் நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. நிழல் வீட்டில் காம்படியில் இருக்கும் வெள்ளை வளையம் சிவக்க இன்னும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை அணிலுக்கு ஒரு வலைத்துணி போட்டு மூடிவிட்டு, வளையம் முழுதும் மறைந்த அன்று காலையில் காம்போடு கிள்ளி எடுங்கள்.