விடியற்காலத் தரையிறக்கத்தில் திரையைப் படிப்பது எப்படி

பின்னிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை மனித உடல் உறங்கவே விரும்புகிறது. அந்நேரத்தில் விமானம் ஓட்டுபவரின் கண் திறந்திருந்தாலும், இருப்பதைவிட எதிர்பார்த்ததையே அது காணத் தொடங்கிவிடுகிறது. இரவுப் பணிக்குப் புதிதாக வரும் துணை விமானிகள், அத்தகைய கண்ணைக் கொண்டு விமானி அறையின் திரையைப் படிக்கும் முறையைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

2013 ஜூலை 6 அன்று தென்கொரிய ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 சான் பிரான்சிஸ்கோவை நெருங்கியபோது அங்கே முற்பகல் 11.28, பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்த விமானிகளின் உடலுக்கோ அது கொரியாவின் அதிகாலை 3.28. தரையிலிருந்து 500 அடி உயரத்தில் வேகம் 137 நாட் (மணிக்கு 137 கடல் மைல்) என்று, இருக்கவேண்டிய அளவிலேயே இருந்தது. ஆனால் என்ஜின்கள் ஐடில் என்னும் மிகக் குறைந்த விசை நிலையில் கிடந்தன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 அடி இறங்கவேண்டிய விமானம் சுமார் 1,200 அடி வீதம் இறங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் வேகத்தைக் காத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்கள். அதுவோ விசையைத் தானாக மாற்றாத 'ஹோல்டு' என்ற நிலைக்குப் போய்விட்டது; அந்த ஒற்றைச் சொல் திரையில் பச்சை எழுத்தில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஓடுபாதைக்கு முன்னுள்ள கடற்சுவரில் மோதுவதற்குச் சற்று முன் வேகம் 103 நாட். மூவர் இறந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தானியங்கி அமைப்புகளின் சிக்கலையும் விமானிகளின் களைப்பையும் துணைக்காரணங்களில் சேர்த்தது.

ஆகவே, சரியான ஓர் எண்ணைக் கண்டதும் மனம் நிம்மதி அடைகிறதே, அந்தக் கணத்தில்தான் கூடுதலாக ஐயப்பட வேண்டும். வேகத்தைப் படித்தவுடன் அதன் அருகிலுள்ள அம்புக்குறியைப் படியுங்கள். இன்னும் 10 விநாடியில் வேகம் எங்கே நிற்கும் என்பதை அது காட்டுகிறது. அடுத்து என்ஜின் விசையையும் இறங்கும் வீதத்தையும் பாருங்கள். இவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், முதலில் கண்ட எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

எண்ணைவிட எளிதில் ஏமாற்றுவது மோட், அதாவது தானியங்கி எந்த முறையில் இயங்குகிறது என்பது. 1992 ஜனவரி 20 இரவு லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் சென்ற ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தனர். அந்த விமானத்தில் இறங்கும் கோணத்தையும் இறங்கும் வீதத்தையும் ஒரே திருகால்தான் அமைப்பார்கள். இரண்டும் ஒரே சிறு சாளரத்தில் தெரியும். கோண மோடில் '-3.3' என்றால் 3.3 பாகை, வீத மோடில் '-33' என்றால் நிமிடத்துக்கு 3,300 அடி. இவ்விரண்டையும் விமானிகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம் என்பது விசாரணையில் வலுவாகக் கருதப்பட்ட சாத்தியங்களுள் ஒன்று. பின்னாளில் வீதத்தை நான்கு இலக்கங்களில் காட்டுமாறு வடிவமைப்பை மாற்றினார்கள். இதை விமானியின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது நியாயமன்று. ஒரு புள்ளியை நம்பி இத்தனை உயிர்களை ஒப்படைத்த திரைக்கும் அதில் பங்கு உண்டு.

தானியங்கியை அமைக்கும் தேர்வுப் பலகையில் நீங்கள் திருகுவது வேண்டுகோள் மட்டுமே. விமானம் எதை ஏற்றுக்கொண்டது என்பது முதன்மைத் திரையின் மேல்விளிம்பில் எழுதப்படுகிறது. புதிய மோட் வரும்போது அதைச் சுற்றி 10 விநாடி ஒரு கட்டம் தோன்றி மறையும். களைத்திருக்கையில் அந்தப் 10 விநாடி மிகக் குறுகியது. எனவே ஒவ்வொரு மாற்றத்தையும் பலகையைப் பார்த்துச் சொல்லாமல், திரையிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் தம் திரையில் அதே சொல்லைக் கண்ட பிறகே ஒப்புதல் தரட்டும்.

திரையின் வெளிச்சத்தை இரவில் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொண்டு, கிழக்கு வெளுக்கும்போது கூட்ட மறவாதீர்கள்.

பறக்கையில் இருக்கையிலேயே சிறுதுயில் கொள்ள விதிமுறை அனுமதித்தால், 40 நிமிடத்துக்கு மேல் போகாமலும், இறங்கத் தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே முடியுமாறும் அதைத் திட்டமிடுங்கள். விழித்தபின் குறைந்தது 20 நிமிடம் கட்டுப்பாட்டை ஏற்காதீர்கள். நீண்ட உறக்கத்திலிருந்து எழுபவரின் அறிவு சற்று நேரம் மந்தமாகவே இருக்கும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கேப்டன், பயணத்தில் சுமார் ஒரு மணி 40 நிமிடம் உறங்கியிருந்தார். அந்த மந்தம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது. விமானம் இருக்கவேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. துணை விமானி 'கோ அரவுண்டு' (தரையிறங்காமல் மீண்டும் மேலேறு) என்று மூன்று முறை சொன்னார். அப்படியும் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி விழுந்தது. 158 பேர் இறந்தனர்.

இறங்கத் தொடங்குமுன் கேப்டனுடன் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இருவரில் எவர் 'கோ அரவுண்டு' என்றாலும் மற்றவர் முதலில் விசையைக் கூட்டி மேலே ஏற்றுவார், காரணத்தைப் பாதுகாப்பான உயரத்துக்குப் போன பிறகு கேட்பார்.