பிழை எந்தத் திசையில் ஓடுகிறது?

தறியில் முதன்முதலாக நான் நெய்த கைத்துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தொடங்கிய இடத்தில் அதன் அகலம் 40 செ.மீ., முடிந்த இடத்தில் 34. இரண்டு ஓரங்களிலும் பாவு இழைகள், அதாவது தறியில் நெடுக்கே கட்டிய இழைகள் அறுந்து, அவற்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்த தடங்கள் தெரியும். நூல் மட்டம் என்று நினைத்து, அடுத்த துண்டுக்கு முறுக்கு அதிகமான நூலை வாங்கினேன். அதிலும் ஓர இழைகளே அறுந்தன. நடுவில் ஓர் இழைகூட அறவில்லை. குற்றம் நூலில் இருந்திருந்தால் நடுவிலும் அறுந்திருக்க வேண்டும் அல்லவா? இதை யோசிக்க எனக்கு இரண்டு துண்டுகள் தேவைப்பட்டன.

நடந்தது இதுதான். ஓரம் நேராக வர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் குறுக்கே போகும் இழையான ஊடையை இழுத்து இறுக்கினேன். துணி உள்ளே ஒடுங்கியது. ஆனால் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தி, ஊடையை அடித்து நெருக்கும் சீப்புபோன்ற அச்சின் அகலம் மாறாது. ஒடுங்கிய துணிக்கும் விரிந்த அச்சுக்கும் இடையே ஓர இழைகள் சாய்ந்து நின்றன. அச்சால் அடிக்கும்போதெல்லாம் அதன் பற்கள் அந்த இழைகளையே உரசின. ஊடையை நேர்கோடாகப் போடாமல் குன்றுபோல வளைத்துப் போட்டுவிட்டு, பிறகு அடித்தால் போதும். பாவு இழைகளின் மேலும் கீழும் ஏறி இறங்குவதற்கு ஊடைக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்தை வளைவு கொடுத்துவிடுகிறது. மூன்றாவது துண்டில் ஓர் இழையும் அறவில்லை.

தவறு கண்ணில் பட்டதும் பிரிப்பதற்குத்தான் முதலில் கை போகும். பிரித்தால் காரணமும் சேர்ந்து போய்விடும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பிழை துணியில் நெடுக்கே ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? நெசவும் பின்னலும் வெவ்வேறு வேலைகள் என்றாலும் இந்தக் கேள்வி இரண்டிலும் எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

தறியில்

நெடுக்கே, தொடங்கிய இடத்திலிருந்து விடாமல் ஓடும் கோடு நெய்யத் தொடங்குவதற்கு முன்பே உண்டான பிழை. இழை கோக்கும்போது நேர்ந்தது. எத்தனை கவனமாக நெய்தாலும் அது மறையாது. கோடு அடர்த்தியாக இருந்தால் அச்சின் ஒரே பல் இடைவெளியில் கூடுதலாக ஓர் இழை நுழைந்திருக்கும். கண்ணாடிபோல வெளிச்சம் தெரிந்தால் ஓர் இடைவெளி காலியாக விடப்பட்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக இழைகள் ஏறி இறங்கும் சாதா நெசவில் பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் அவை ஒரே சட்டத்தின் (பாவு இழைகளை ஏற்றி இறக்குவது) விழுதுகளில் (சட்டத்தில் ஒவ்வோர் இழையையும் பிடித்திருக்கும் துளையுள்ள நூல்கள்) கோக்கப்பட்டிருக்கின்றன. ஊடையைச் சுமந்து செல்லும் நாடா போகும் வழி ஓரிடத்தில் மட்டும் சரியாகத் திறக்காமல் நின்றால், விழுதுக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு இழைகள் ஒன்றையொன்று தாண்டிப் பின்னியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இவற்றைத் தொடக்கத்திலேயே பிடிக்க ஒரு வழி உண்டு. பாவுக்குக் கொஞ்சமும் ஒட்டாத நிறத்தில் சற்றுத் தடித்த நூலை எடுத்து முதல் 3 செ.மீ. நெய்யுங்கள். பாவு வெள்ளை என்றால் நான் கருநீலம் எடுப்பேன். பிறகு துணிக்கடியில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். வெள்ளைமேல் வெள்ளையாக நெய்யும்போது தெரியாத பிழை, இதில் எழுத்துப்போலத் தெரியும். காலியான பல் என்றால் அந்த இடத்திலிருந்து பக்கத்து ஓரம் வரை எல்லா இழைகளையும் ஒரு பல் நகர்த்திக் கோக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை, அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைச் செய்துவிடுவதே நல்லது என்பேன். 2 மீட்டர் நெய்து முடித்த பிறகு அந்தக் கோட்டைப் பார்க்கும் வருத்தம் ஒரு மணி நேரத்தில் தீராது. தவறான சட்டத்தில் கோத்த இழைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். உறுதியான நூலில் சரியான சட்டத்தின்மேல் புதிதாக ஒரு விழுதைக் கட்டி, அந்த ஓர் இழையை மட்டும் அதற்கு மாற்றினால் போதும்.

குறுக்கே ஓடும் பட்டை நெய்யும் நேரத்துப் பிழை. ஓரிடத்தில் ஊடை நெருங்கியும் அடுத்த இடத்தில் விலகியும் இருக்கும். அடி மாறியிருக்கிறது, அல்லது பாவின் இறுக்கம் மாறியிருக்கிறது. என் துண்டுகளில் இந்தப் பட்டைகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரே தூரம் இருந்தது. அளந்து பார்த்தேன், 12 செ.மீ.க்கு ஒரு பட்டை. நெய்த துணியை உருளையில் சுற்றி முன்னகர்த்தும் இடங்கள் அவை. இடம் முழுவதும் தீர்ந்துபோகும் வரை நெய்துவிட்டுத்தான் நகர்த்துவேன். துணியில் கடைசியாக நெய்த விளிம்பு அச்சை நெருங்க நெருங்க அடி விழும் விதம் மாறிவிடுகிறது. இப்போது 5 செ.மீ.க்கு ஒருமுறை நகர்த்துகிறேன். நகர்த்திய பிறகு உள்ளங்கையைப் பாவின்மேல் பரப்பி, முன்பிருந்த இறுக்கம்தானா என்று தொட்டுப் பார்க்கிறேன். பட்டைகள் போயே போய்விட்டன.

ஒரே இடத்தில் நிற்கும் பிழை பெரும்பாலும் தாண்டிய இழை. ஏற வேண்டிய பாவு இழை ஒன்று தொய்ந்து கிடந்து, நாடா அதன்மேல் போயிருக்கும். இதற்காக நெய்ததைப் பிரிக்க வேண்டாம். துணி தறியிலிருந்து வந்த பிறகு, அதே நூலை ஊசியில் கோத்து, அந்த இழை எந்த வழியில் போயிருக்க வேண்டுமோ அந்த வழியில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் 2 செ.மீ. தள்ளிப் போகட்டும். பிறகு தொங்கும் பழைய இழையைக் கத்தரியுங்கள்.

அறுந்த பாவு இழையைச் சரிசெய்வது பலருக்கும் பயம் தருகிறது. முடிச்சுப் போட்டு இழுக்காதீர்கள். முடிச்சு விழுதிலோ அச்சிலோ சிக்கி மறுபடியும் அறும். அதே நூலில் ஒரு மீட்டர் வெட்டி, அறுந்த இழை போன அதே விழுது வழியாகவும் அதே பல் வழியாகவும் முன்னே கொண்டுவாருங்கள். நெய்த துணியில் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே ஒரு குண்டூசியைக் குத்தி, அதில் நூலை எட்டு என்ற எண்ணின் வடிவில் நாலைந்து முறை சுற்றுங்கள். பின்பக்கம் தறிக்கு வெளியே தொங்கும் நுனியில் ஒரு சிறு கனத்தைக் கட்டுங்கள். நான் சாவிக்கொத்தைக் கட்டுகிறேன். மற்ற இழைகளின் இறுக்கத்துக்கு ஈடாக வரும் வரை கனத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து வரும் பழைய இழை விளிம்பை எட்டும் அளவுக்கு நீளமானதும், அதை அதன் இடத்தில் கோத்து அதற்கும் ஒரு குண்டூசி. நுனிகளைக் கடைசியில் ஊசியால் துணிக்குள் ஓட்டிவிட்டால் எந்த இடம் என்று நானே தேட வேண்டியிருக்கும்.

ஊசியில்

பின்னலில் திசை வேறுவிதமாகப் பேசும். ஒரே நிறக் கம்பளி நூலில் திடீரென்று குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அந்த வரிசையில் சாயம் வேறு, அல்லது கை வேறு, அதாவது கையின் இறுக்கம் மாறியிருக்கிறது. சாயம் என்றால் நூல் கட்டு மாறிய இடத்தில் கோடு விழும். ஒரே நிற எண் இருந்தாலும் வேறு தொகுதியில் சாயமேற்றிய நூல் சற்று மாறலாம். அப்படிப்பட்ட இரண்டு கட்டுகள்தான் கையில் இருக்கின்றன என்றால், இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கை என்றால், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கிய இடத்தில் கோடு விழும். வரிசையின் நடுவில் நிறுத்தாமல் முடித்துவிட்டு எழுந்திருங்கள். நடுவில் விட்டால் ஊசிமேல் இருக்கும் கண்ணி (பின்னலின் நூல் வளையம்) இழுபட்டுப் பெரிதாகிவிடுகிறது.

நெடுக்கே ஓடும் ஏணிபோன்ற தடம், நழுவிய கண்ணி. இதைப் பார்த்ததும், கண்ணி மேலும் கீழே இறங்காமல் முதலில் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்துங்கள். அவசரமே இல்லை, கண்ணி இனி எங்கும் போகாது. வழவழப்பான பக்கத்தை உங்களை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியை நழுவிய கண்ணிக்குள் முன்னிருந்து நுழைத்து, அதற்கு நேர் மேலே இருக்கும் முதல் படி நூலைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக முன்னே இழுங்கள். அது புதுக் கண்ணி. அடுத்த படி, அதற்கடுத்த படி. எத்தனை வரிசை இறங்கியதோ அத்தனை படிகள் இருக்கும், எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தாண்டினால் பின்புறம் ஒரு நூல் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே வந்ததும் கண்ணியின் வலக்கால் (வளையத்தின் வலப்பக்க நூல்) ஊசிக்கு முன்னால் இருக்குமாறு இட ஊசியில் ஏற்றுங்கள். கால் மாறினால் அடுத்த வரிசையில் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

இந்த ஏணியைப் பழகியபோது எனக்கு ஒன்று விளங்கியது. பத்து வரிசைக்குக் கீழே நேர்க்கண்ணி (வழவழப்பாகத் தெரியும் கண்ணி) போட வேண்டிய இடத்தில் புறக்கண்ணி (மேடாகத் தெரியும் கண்ணி) போட்டிருந்தால், பத்து வரிசையையும் பிரிக்கத் தேவையே இல்லை. அந்த ஒரு நெடுக்குக் கண்ணிகளை மட்டும் வேண்டுமென்றே நழுவவிட்டு, பிழை வரை இறக்கி, கொக்கியால் சரியாக ஏற்றிக்கொண்டு வரலாம். இதைத் தெரிந்துகொண்ட மாலை, பழைய கழுத்துத் துணி ஒன்றை எடுத்து ஏழு இடங்களில் திருத்தினேன்.

கண்ணிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா? கூடுவது எங்கே என்று பாருங்கள். ஓரத்தில் என்றால், வரிசையைத் திருப்பும்போது நூலை ஊசிக்குமேலே தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே ஏறி இரண்டு கண்ணிகள்போலத் தோன்றும். நாமும் இரண்டாகப் பின்னிவிடுவோம். நூல் ஊசிக்கு அடியில் பின்னால் போக வேண்டும். நடுவில் சிறு ஓட்டையோடு கூடியிருந்தால், நேர்க்கண்ணி போடும்போது நூல் முன்பக்கமே நின்றுவிட்டது.

திசையே இல்லாத ஒரு பிழையும் உண்டு. அது அளவுப் பிழை. எங்கே பார்த்தாலும் அழகாக இருக்கும், போட்டுப் பார்த்தால் பொருந்தாது. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று சொல்லும் அளவுக்குறிப்பை வைத்து 198 கண்ணி போட்டு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். 90 செ.மீ. சுற்றளவு வர வேண்டும். என் கைக்கு 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வந்தது. இரண்டே கண்ணி வித்தியாசம். ஸ்வெட்டர் 99 செ.மீ. வந்து நின்றது. மாதிரித் துண்டு பின்னாமலும் இல்லை. சரியாக 10 செ.மீ. அகலத்துக்குப் பின்னி, ஓரத்தோடு சேர்த்து அளந்தேன். ஓரக் கண்ணிகள் சுருண்டு இழுபடும், அவற்றை நம்பக் கூடாது. 15 செ.மீ.க்குப் பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள்.

துவைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். கம்பளி இழையின்மேல் மீன் செதில்போன்ற செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். பிறகு விரிக்கவே முடியாது. சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி வேறுவிதம், அது நனைந்ததும் தொய்ந்து நீளலாம். மாதிரித் துண்டைத் தவிர வேறு எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லாது. தறித் துணிக்கும் இதே விதிதான். தறியில் இறுகிக் கிடந்த இழைகள் முதல் தண்ணீரில்தான் நெகிழ்ந்து ஒன்றோடொன்று அமர்கின்றன. அதற்கு முன் அதன் குறைகளைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். அச்சுப் பல் விட்ட மெல்லிய கோடுகள் சில, முதல் துவைப்பிலேயே மறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிரிப்பதா, விடுவதா

அவிழ்ந்து பரவக்கூடிய பிழையை விடவே கூடாது. பிடிப்பில்லாத கண்ணி, ஓர் ஊடை மட்டுமே பிடித்திருக்கும் ஓரம் போன்றவை இன்றைக்குச் சிறிதாக இருக்கும், மூன்றாவது துவைப்பில் ஓட்டையாகும். பார்வைக்கு மட்டுமான பிழை என்றால், வேலையை எதிர்ச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு மறுநாள் காலையில் பார்க்கிறேன். காலையில் தேடாமலே கண்ணில் பட்டால் பிரிப்பேன்.

தறியில் 3, 4 செ.மீ.க்குமேல் பிரிக்க வேண்டுமானால் ஊடையைத் திரும்ப ஓட்டி ஓட்டி எடுக்காதீர்கள். பாவு இழைகள் அந்த உரசலில் பஞ்சு எழும்பிப் பலவீனமாகும். பாவு இழைகளுக்கு நடுவே கத்தரியின் நுனியை நுழைத்து ஊடையை மட்டும் வெட்டி, துண்டு துண்டாக உருவுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். பின்னலில் பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே மறுபடி பின்னினால் கண்ணிகள் சீராக அமையாது. பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். நுணுக்கமான துளைப் பின்னலைத் தொடங்கும் முன், சரி என்று உறுதியாகத் தெரிந்த வரிசையில் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வழுவழுப்பான மெல்லிய பருத்தி நூலை வேறு நிறத்தில் ஓட்டிவையுங்கள். பிரிக்க நேர்ந்தால் பின்னல் அந்த நூலோடு நின்றுவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் என்று நோட்டு வைத்திருக்கிறேன். நூல், ஊசி எண், அச்சின் அகலம், துவைக்கும் முன்னும் பின்னும் அளவு. பிழை நேர்ந்தால் எந்த இடம், எந்தத் திசை, அப்போது மணி என்ன என்பதையும் குறிப்பேன். மணியை ஏன் குறிக்கத் தொடங்கினேன் என்று நினைவில்லை. ஒரு வருடக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது, இழை கோக்கும் பிழைகளில் முக்கால்வாசி இரவு பத்து மணிக்குமேல் நேர்ந்திருந்தன. இப்போது பாவு கோப்பது விடுமுறை நாள் காலையில் மட்டும்தான். இரவில் கை சும்மா இருக்க மறுத்தால், எண்ணத் தேவையில்லாத சாதாப் பின்னலை எடுத்துக்கொள்கிறேன்.