டொமைன் பதிவுகளை 'டிக்' கட்டளையால் பார்ப்பது எப்படி?

இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய பக்கமே தெரிகிறது என்றால், பிரௌசரைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயனில்லை. அந்த டொமைன் பெயருக்கு டி.என்.எஸ். (பெயரைக் கொடுத்தால் சர்வரின் முகவரியைச் சொல்லும் அமைப்பு) என்ன பதில் சொல்கிறது என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். 'டிக்' (ஆங்கிலத்தில் டி-ஐ-ஜி) அதற்கான கருவி. மேக் கணினியில் அது ஏற்கெனவே இருக்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் 'டிஎன்எஸ்யூட்டில்ஸ்' என்ற தொகுப்பை நிறுவினால் கிடைக்கும்.

முதலில் டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

டிக் எக்ஸாம்பிள்.காம்

எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர் இது என்பதால் தயங்காமல் பழகலாம். பத்துப் பதினைந்து வரிகள் வரும். 'ஆன்ஸர் செக்‌ஷன்' என்ற தலைப்பின் கீழுள்ள வரியை மட்டும் முதலில் பாருங்கள். அதில் பெயர், ஓர் எண், 'ஐஎன்', பதிவின் வகையைக் காட்டும் 'ஏ', ஐ.பி. முகவரி (சர்வரின் எண் முகவரி) என்று ஐந்து பகுதிகள் இருக்கும்.

இரண்டாவதாக நிற்கும் அந்த எண்தான் டி.டி.எல். அந்தப் பதிலை இன்னும் எத்தனை விநாடிகள் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை அது சொல்கிறது. பத்து விநாடி கழித்து அதே கட்டளையை மீண்டும் இயக்கினால், 300 என்று இருந்தது 290 ஆகக் குறைந்திருப்பதைக் காணலாம். அப்படிக் குறைந்தால், உங்களுக்கு வந்தது இடையிலுள்ள சர்வர் சேமித்து வைத்திருக்கும் நகல் என்று பொருள்.

அடுத்து, மூலத்தையே கேட்க வேண்டும். டொமைன் பெயருக்குப் பின் இடைவெளி விட்டு 'என்எஸ்' என்று சேர்த்தால், அந்த டொமைனுக்குப் பொறுப்பான சர்வர்களின் பெயர்கள் வரும். ('எம்எக்ஸ்' என்றால் மின்னஞ்சல் சர்வர்கள் வரும், அவற்றுள் சிறிய எண் கொண்டதற்கே முன்னுரிமை.) அப்பெயர்களில் ஒன்றை, இடையில் வெளி விடாமல் '@' குறியை முன்னொட்டி, இப்படிக் கேளுங்கள்:

டிக் @சர்வர்பெயர் எக்ஸாம்பிள்.காம்

இந்தப் பதிலில் புதிய முகவரியும் முந்தைய பதிலில் பழைய முகவரியும் இருந்தால், உங்கள் மாற்றம் சரியாகவே பதிவாகியிருக்கிறது, டி.டி.எல். தீரும் வரை காத்திருந்தால் போதும். மூலமே பழையதைச் சொன்னால் எவ்வளவு காத்திருந்தும் மாறாது. நீங்கள் திருத்திய இடம் தவறு, அல்லது திருத்தம் சேமிக்கப்படவில்லை.

பதில் வரியே வராதபோது மேலே 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். 'என்எக்ஸ்டொமைன்' என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை. 'நோஎரர்' என்றிருந்தும் பதில் காலியாக இருந்தால், பெயர் உண்டு, கேட்ட வகைப் பதிவுதான் இல்லை. புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஒரு தளத்தை மாற்றும்போது டி.டி.எல். 86400 என்று இருந்ததைக் கவனிக்காமல் நான் ஒரு முழு நாள் தவித்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் மாற்றுவதற்கு ஒரு நாளாவது முன்னதாக அதை 300 ஆகக் குறைத்து, அந்தக் குறைப்பு பதிவாகிவிட்டதா என்று மூல சர்வரிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் முகவரியைத் தொடுகிறேன்.