பினாங்குத் தூசியும் கேம் பெட்டிகளும்: அலமாரியில் நாம் செய்யும் தவறுகள்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அலமாரியிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை எடுப்பார்கள், மேலே ஒரு ஊது ஊதுவார்கள், தூசி பறந்துவிடும். ஜெலுத்தோங்கில் என் பிளாட்டில் அது நடக்காது. பெட்டியின் மேல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும், விரல் நுனி லேசாகப் பிசுபிசுக்கும். அதை முகர்ந்து பார்த்தால் தாளித்த எண்ணெய் வாசனையும் கொஞ்சம் வரும்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் நம்மில் பலர் பெட்டிகளைப் பாழாக்குகிறோம். பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டையொட்டியே இருக்கிறது. வீட்டுத் தூசியில் இருப்பது துணி நூல், தோல் செதில், சாலைப் புகைக்கரி. கடலோரம் இருப்பவர்களுக்குக் கூடவே உப்பு. சமையல் உப்பு 75 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் போனாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆகவே நம் அலமாரியில் உட்காருவது ஈரத் தூசி. முதல் வாரம் பெட்டியின் மேல் சும்மா கிடக்கும். அப்படியே விட்டால் அட்டையோடு ஒட்டிக்கொண்டு, பிறகு தேய்த்தால்தான் போகும் என்ற நிலைக்கு வந்துவிடும். தேய்த்தால் அச்சு மையும் சேர்ந்து போகும்.

அதனால் முதல் தவறு, தூசி கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பது. தீபாவளிக்கு வீடு கழுவும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒருமுறை, கையளவு ரப்பர் ப்ளோவரால் (கேமரா கடைகளில் கிடைப்பது) மேல் விளிம்புகளை மட்டும் ஊதிவிட்டால் போதும். நாற்பது பெட்டிகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது ஈரத் துணி. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். அண்ணன் 90-களில் வாங்கிய, நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கான கேம் ஒன்று, அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டில் தப்பிப் பிழைத்திருந்தது. மேலே தூசி படிந்திருந்ததால் ஒரு வெட் டிஷ்யூவை எடுத்து அழகாகத் துடைத்தேன். அப்போது பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மேல் மடிப்பு வில் போல வளைந்திருந்தது. மடிப்பின் கோட்டுக்குள் தூசி சேறாகப் புகுந்து ஒரு கறுத்த நரம்பாக நின்றது. இன்றுவரை அது போகவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நின்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபாமிகாமிலிருந்து 2001-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் வரை கைக்குக் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அட்டைதான். மேலே மினுமினுப்பான பூச்சு இருந்தாலும் விளிம்பிலும் மடிப்பிலும் அட்டை வெளியே தெரியும், அங்கே தண்ணீர் நுழைந்துவிடும். அட்டைக்கு வரிசை இதுதான்: முதலில் ப்ளோவர், அப்புறம் மென்மையான மேக்கப் பிரஷ் (இதற்கென்றே புதிதாக ஒன்று வாங்குங்கள், முகப்பூச்சு பட்டது வேண்டாம்), கடைசியில் வேண்டுமானால் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி. பெட்டியின் நடுவிலிருந்து வெளியே நோக்கித் தள்ளுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் அட்டையின் பிசிறு துணியில் மாட்டி மூலை உரியும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றைச் சாய்த்துப் பிடித்தால் குளிர்ந்த திரவம் பீய்ச்சிக்கொண்டு வந்து கறை விடும். அது வேண்டாம். இறகுத் துடைப்பம் தூசியை ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு மாற்றுவதோடு சரி.

பிளாஸ்டிக் கதை நேர்மாறு. நின்டெண்டோவின் அமீபோ பொம்மைப் பெட்டிகளின் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் குமிழ், பிளேஸ்டேஷன் சிடி பெட்டி, அக்ரிலிக் கூடு இவற்றையெல்லாம் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த அரைமணியில் முன்பைவிட அதிகத் தூசியை இழுத்துக்கொள்ளும். நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். அட்டை சேரும் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அக்ரிலிக் மீது ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடிக்கவே கூடாது. அதிலுள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் அக்ரிலிக்கில் முடியளவு விரிசல்களை உண்டாக்கும்.

சரி, பெட்டிக்கு உறை போட்டுவிட்டால் தீர்ந்ததே என்பீர்கள். உறை நல்லதுதான், நானும் போடுகிறேன். எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் வாங்குவதுதான் இதில் பெரிய தவறு. பிவிசி உறைகளில் மென்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசியும். உறை மஞ்சளாகிப் பிசுபிசுத்து, அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும். நம் வெப்பத்தில் இது இன்னும் விரைவு. கண்டுபிடிப்பது சுலபம். புது மழைக்கோட்டைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை வந்தால் வாங்காதீர்கள். மறுசுழற்சி முக்கோணம் இருந்தால் உள்ளே எண் 1 என்றால் பெட் (PET), 5 என்றால் பாலிப்ராப்பிலீன், இரண்டும் நல்லவை. எண் 3 பிவிசி. சேகரிப்பாளர்களுக்கென்று விற்கும் பெட் உறைகள் பெரும்பாலும் 0.35 அல்லது 0.5 மில்லிமீட்டர் தடிமன். கனமான பெட்டிக்கு 0.5 வாங்குவது மேல். சமையலறையில் இருக்கும் கிளிங் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். ரப்பர் பேண்டும் வேண்டாம், நம் ஊரில் ஓரிரு ஆண்டிலேயே உருகி அட்டையில் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

பெட் உறையின் மேல் மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியே வரும், பல வகைகளில் இரண்டு பக்கமும். அதை உரிக்காமலே பெட்டியை உள்ளே போடுகிறவர்கள் உண்டு. உறை மங்கலாக இருக்கிறதே என்று கடையைக் குறை சொல்வார்கள். ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம், உறைக்குள் போடும் முன் பெட்டியைச் சுத்தம் செய்வது. தூசியோடு போட்டால் ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் அது உப்புத்தாள் மாதிரி அட்டையை உரசும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் இது அதிகம். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் பயந்து அலமாரி மூலையில் பாச்சை உருண்டை போடுவது. பட்டுப்புடவைப் பெட்டிக்குச் செய்வதுதானே என்று அம்மாவே கொண்டுவந்து கொடுப்பார். பழைய சிடி பெட்டிகள் பாலிஸ்டைரீன். அந்த உருண்டையின் நாப்தலீன் ஆவி அதை இளக்கிவிடும். கற்பூரமும் அப்படித்தான். மூடிய கண்ணாடி அலமாரிக்குள் இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தூசி வராமல் இருக்க அலமாரியைக் காற்றுப் புகாமல் அடைப்பது.

எந்தக் கண்ணாடி அலமாரியிலும் கதவு ஓரத்தில் இடைவெளி இருக்கும். அதில் ஒட்டும் ஃபோம் பட்டை அடித்தால் தூசி பெருமளவு குறையும், சந்தேகமில்லை. ஆனால் அடைக்கும் அன்று உள்ளே இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. மழை பெய்த மாலையில் 85 விழுக்காடு ஈரத்தோடு அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்படும். அட்டையே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தூசியே அதற்குத் தீனி. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் தூசி இல்லாத, புள்ளி புள்ளியாக வெள்ளை பூத்த பெட்டிகள் இருக்கும்.

எனவே அலமாரிக்குள் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வையுங்கள். விலை அதிகமில்லை, இணையக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். மலிவானவை சில சமயம் ஐந்து, ஆறு புள்ளி தவறாகக் காட்டும். அதைச் சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். முன்னே சொன்ன அதே 75தான், உப்பின் குணம் அது. 79 காட்டினால் உங்கள் கருவி நான்கு கூட்டிச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

உள்ளே 45க்கும் 55க்கும் நடுவில் நிற்பது நல்லது. 35க்குக் கீழே போனால் அட்டை காய்ந்து வளையும், பசை விட்டுப்போகும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உதவும், ஆனால் ஃபோம் பட்டை இல்லாத அலமாரியில் அது சில நாளிலேயே நிறைந்துவிடும். நிறம் மாறும் ஆரஞ்சு மணிகளாக வாங்குங்கள். பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். துணி அலமாரியில் தொங்கவிடும், அடியில் தண்ணீர் சேரும் டப்பாக்களைக் கேம் அலமாரியில் வைக்காதீர்கள். அந்தக் கால்சியம் குளோரைடு நீர் ஒருமுறை சிந்தினால் கீழ்த்தட்டு முழுதும் நாசம். உண்மையிலேயே அரிய பெட்டிகள் நாலைந்து மட்டும் இருந்தால், கேமராக்காரர்கள் வைத்திருக்கும், ஈரத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரை கேபினட் சிறியதாக ஒன்று வாங்கிவிடுவது என் கணக்கில் மிச்சம்தான்.

ஏர்கான் அறையில் இருப்பதால் கவலையில்லை என்பவர்கள் கவனிக்க வேண்டியது: வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். இரவு முழுக்க 20 டிகிரியில் அறையைக் குளிரவைத்துவிட்டுக் காலையில் ஜன்னலையும் அலமாரிக் கதவையும் சேர்த்துத் திறந்தால், குளிர்ந்த பெட்டியின் மேல் அந்த நீர் இறங்கும். ஏர்கானை அணைத்து, அறை பழைய சூட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறவுங்கள்.

இடம் பற்றியும் கொஞ்சம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் சாமி அறைக்கு எதிரே அலமாரி வைக்கக் கூடாது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. அலமாரியை நகர்த்தத்தான் சொல்கிறேன். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எல்லாவற்றின் கரியும் எண்ணெய்ப் பசையுள்ள நுண்தூள், பிரஷால் போகாது. சமையலறையோடு சேர்ந்த கூடத்திலும் இதே கதை, சம்பல் வறுக்கும் வாசனை எட்டும் தூரம் வரை எண்ணெய் ஆவியும் எட்டும். காற்றாடிக்கு நேர் கீழேயும் வேண்டாம், இறக்கையின் விளிம்பில் சேர்ந்த தூசி முதலில் விழுவது அங்கேதான். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே இறந்தோருக்காகத் தாள் எரிக்கும் இரவுகளில் சாம்பல் மாடி ஏறி வரும், அந்த வாரங்களில் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள். புகைமூட்டம் வந்தால் அலமாரியைத் திறக்கவே வேண்டாம். 2015, 2019 செப்டம்பர் மாதங்களில் பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, அப்படிப்பட்ட நாள்களில் பறக்கும் துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது, ஃபோம் அடிக்காத இடைவெளி எதிலும் நுழையும்.

வெயில் படாமல் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கினால் அடியிலிருப்பது நசுங்கும், நிற்க வையுங்கள்.

கடைசியாக, பழைய பெட்டிகளை வாங்கி நேரே அலமாரிக்குள் வைப்பது. பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையோ, பெட்டாலிங் ஜெயாவில் ஆம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையோ, இணையமோ, எங்கே வாங்கினாலும் அந்தப் பெட்டி இதற்கு முன் யார் வீட்டு மூலையில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. நான் வாங்கிய ஒரு கேம்பாய் பெட்டியின் உள் மடிப்பில், கையேட்டுக்குப் பின்னால், காராமணி அளவில் பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. கரப்பான் முட்டைக்கூடு. இப்போது புதிதாக வரும் எதுவும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் தனியாக இருக்கும். அதன்பின் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பேன். தூசி மேல் பக்கத்தில் சமமாகப் படிந்திருக்கும். பூஞ்சணம் பின்புறத்திலும் அடியிலும் திட்டுத் திட்டாக, கிட்டே பார்த்தால் முடி முளைத்த மாதிரி இருக்கும். அப்படித் தெரிந்தால் துடைக்காமல் இன்னும் சில நாள் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு பால்கனியில் வைத்துப் பிரஷால் தட்டுவேன். மடிப்பு நான்கையும் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகே மற்ற பெட்டிகளுக்குப் பக்கத்தில் அதற்கு இடம்.