தொலைக்காட்சி விருது விழா: மேடைக்குப் பின்னால்

தஞ்சாவூர்ப் பக்கம் திறந்தவெளியில் விருது விழா எடுத்தால் முதல் எதிரி பூச்சிதான். சம்பா வயலின் பச்சைத் தத்துப்பூச்சி வெளிச்சத்தைத் தேடி வந்து கேமரா லென்ஸிலும், பேசுகிறவர் வாயிலும் விழும். வயல் பக்கம் ஐம்பது அடி தள்ளி இரண்டு பெரிய விளக்குகளைப் பொழுது சாயும்போதே போட்டுவிடுங்கள். மேடை விளக்கை நிகழ்ச்சி தொடங்கும்வரை குறைத்தே வையுங்கள். முழுக்க நிற்காது, பாதியாவது குறையும்.

அடுத்தது கேடயம். தஞ்சாவூர்க் கலைத்தட்டு கொடுப்பது அழகு. ஆனால் வெள்ளித் தகடு விளக்கொளியை அப்படியே கேமராவுக்குத் திருப்பியடிக்கும், உருவமே தெரியாது. கண்ணாடிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, தட்டின் மேல்விளிம்பு சற்று முன்னால் சாயும்படி பிடிக்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் மானிட்டரில் பார்த்தே கோணத்தை முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு கேடயத்தின் அடியிலும் வரிசை எண் ஒட்டுங்கள், தொகுப்பாளர் அட்டையிலும் அதே எண். ஒருவர் வராவிட்டால் அவருடைய கேடயத்தை உடனே மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்தடுத்து எல்லாமே மாறிப்போகும். பெரியவர் ஒருவர் பிறர் பெயர் பொறித்த கேடயத்தோடு மேடையில் நிற்பது கொடுமை.

சால்வையைப் பிரித்து, நான்காய் மடித்து வையுங்கள். காலர் மைக்கை அது மூடினால் குரல் அமுங்கும். பேசுவதற்குக் கைமைக்கே கொடுங்கள்.