சில்வண்டுகள் படையெடுக்கும் ஆண்டில் மரக்கன்றுகளுக்கு வலை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 13 அல்லது 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து கிளம்பும் சில்வண்டுகள் கொட்டாது. வளர்ந்த மரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்; நட்டுச் சில ஆண்டுகளே ஆன கன்றுகள்தான் பாவம். பென்சில் தடிமனுள்ள கிளையைப் பெண் வண்டு வரிசையாகக் கீறி முட்டையிடும். கீறிய இடத்தில் கிளை ஒடிந்து, நுனி பழுப்பாகித் தொங்கும்.

20 செ.மீ. ஆழத்தில் மண் 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், பெரும்பாலும் மழைக்குப் பின், இரவில் சில்வண்டுகள் வெளிவரும். முட்டையிட மேலும் ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் 6 மி.மீ. கண்ணுள்ள வலையால் கன்றை முழுக்க மூடி, அடித்தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். அடி திறந்திருந்தால் தண்டு வழியே ஏறிவிடும். ஆறு வாரம் கழித்து, சத்தம் ஓய்ந்ததும் கழற்றலாம்.

பூச்சிமருந்து தெளிக்கவே வேண்டாம். செத்தவற்றின் இடத்துக்குப் புதியவை வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தின்னும் பறவைகளுக்குத்தான் ஆபத்து.