லீவுக்கு டான்ஸ் காம்ப் வைக்கப் போறீங்களோ? முதல் தரம் செய்யிற ரீச்சர்மாருக்கு

பேரிலயே ஒரு சிக்கல் இருக்கு, அதை முதல்ல சொல்லிப்போடுறன். கனடாச் சொந்தக்காரர் "சம்மர் காம்ப், சம்மர் காம்ப்" எண்டு கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டு என்ர முதலாவது நோட்டீசில நானும் அப்பிடியே போட்டுட்டன், ஒரு அம்மம்மா அதை வாசிச்சுப்போட்டு "என்ன பிள்ளை, குஞ்சு குருமானையெல்லாம் காம்புக்கு விடச் சொல்லுறாய்" எண்டு கேட்டா. யாழ்ப்பாணத்தில காம்ப் எண்டால் ஆமிக் காம்ப், இல்லாட்டி அகதிக் காம்ப். முகாம் எண்டு போட்டாலும் அதே கதைதான். சம்மரும் இஞ்ச இல்லை, லீவுதான் இருக்கு. அதால இப்ப நான் "லீவு நடனப் பட்டறை" எண்டு போடுறன்.

இது வீட்டு விறாந்தையிலயோ வாடகைக்கு எடுத்த சின்ன மண்டபத்திலயோ பரதநாட்டியம் சொல்லிக்குடுக்கிற ஆக்களுக்கு. 5 நாள், 20 பிள்ளையள், அந்த அளவுக்குத்தான் எழுதுறன்.

முதல் வேலை: திகதி

லீவு மூண்டு இருக்கு. டிசெம்பரை விடுங்கோ, மழை, சளி, காய்ச்சல், பாதிப் பிள்ளையள் வராதுகள். ஏப்ரலில 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில நிக்கும், தெற்கால தொடங்கி எங்கட பக்கம் வந்து சேர வருசப்பிறப்பு ஆயிடும், அந்தக் கிழமை வெக்கையில பெரியாக்களே ஆடேலாது. அப்ப மிச்சம் ஓகஸ்ட். அங்க நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா இருக்கு. ஆடி அமாவாசையில இருந்து ஆறாம் நாள் கொடியேறும், பிறகு 25 நாள், அதால ஒவ்வொரு வருசமும் திகதி மாறும். பத்தாம் நாள் மஞ்சத்துக்கும் கடைசி மூண்டு நாள் சப்பரம், தேர், தீர்த்தத்துக்கும் ஒருத்தரும் வரமாட்டினம், நீங்களும் போகத்தானே வேணும்! கோயில் நாள்காட்டியையும் பள்ளிக்கூடத் தவணை அட்டவணையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு அஞ்சு நாளைத் தேடுங்கோ. கோயிலடியில வகுப்பு எண்டால் றோட்டுப் பூட்டுறதையும் யோசியுங்கோ. அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையள் ஸ்கொலர்ஷிப் சோதினை எண்டு வராதுகள், அதுக்கு மனம் நோகாதேங்கோ.

ஓகஸ்டில இன்னொரு லாபம், வெளிநாட்டுப் பிள்ளையள் வந்து நிப்பினம். அவையளைப் பற்றிக் கீழ சொல்லுறன்.

நேரமும் நிலமும்

விடிய 8 மணியில இருந்து 11.30 வரைக்கும் காணும். நான் முதல் வருசம் 8 இல இருந்து 2 மணி எண்டு வைச்சன், நேரம் கூட இருந்தால் அம்மாமார் சந்தோசப்படுவினம் எண்டு நினைச்சு. ரெண்டாம் நாள் 12 மணிக்கு ஒரு பிள்ளை சத்தி எடுத்திட்டுது, ரெண்டு பேர் தலையிடி எண்டு சுருண்டு படுத்திட்டினம், மேல தகரம், கீழ சீமெந்து, ஒரே ஒரு ஃபேன். பிழை முழுக்க என்னிலதான்.

மண்டபம் பாக்கப் போனால் 11 மணிக்குப் போங்கோ, பின்னேரம் போனால் எல்லா மண்டபமும் குளிர்மையாத்தான் இருக்கும். செருப்பைக் கழட்டிப்போட்டு நடந்து பாருங்கோ. மாபிள் எண்டால் வேர்வை விழ வழுக்கும், ஒரு மொப் கட்டாயம் வேணும். சீமெந்தில தட்டித் தட்டி ஆட முழங்காலும் கணுக்காலும் நோகும், அதால தட்டுற வேலையைக் குறைச்சு வையுங்கோ. பிறகு கக்கூசையும் பாருங்கோ, தண்ணி வருதோ எண்டு பைப்பைத் திறந்தே பாருங்கோ.

ஒரு நாளை எப்பிடி நிரப்புறது

எல்லாரும் பிழை விடுற இடம் இதுதான். வகுப்பில கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக்குடுக்கிறதை மூண்டரை மணித்தியாலமா இழுத்தால் பட்டறை ஆயிடும் எண்டு நினைக்கிறம். ஏழு வயசுப் பிள்ளை நல்ல அரைமண்டியில (முழங்காலை வெளிப்பக்கமா மடிச்சு அரைவாசி இருக்கிற நிலை) 15, 20 நிமிசம் நிண்டால் பெரிய விசயம், அதுக்குப் பிறகு முழங்கால் உள்ளுக்க விழும், முதுகு வளையும், நீங்கள் கத்துவீங்கள். அதால மிச்ச நேரத்துக்கு என்ன செய்யிறது எண்டதைத்தான் முதல்ல எழுதவேணும், அடவு, அதுதான் ஆட்டத்தின்ர அடிப்படை அசைவுகள், உங்களுக்குத் தெரிஞ்சதுதானே.

என்ர நாள் இப்பிடிப் போகும். 8 மணிக்கு ஓடிப்பிடிச்சு உடம்பைச் சூடாக்குறது, கை கால் நீட்டி மடக்கிறது. 8.20க்கு தட்டடவோ நாட்டடவோ, ஒரு நாளைக்கு ஒண்டு மட்டும், மூண்டு காலமும் (வேகமும்) கேக்காதேங்கோ, முதலாம் காலம் வடிவா வந்தால் காணும். 8.40க்கு தண்ணி. பிறகு நிலத்தில இருந்து ஜாதி (தாளத்தின்ர தட்டுக் கணக்கு) விளையாட்டு, இதை நான் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன் ஏனெண்டால் இதுதான் பிள்ளையளுக்கு உயிர்.

தகிட மூண்டு, அதுக்கு "படகு". தகதிமி நாலு, அதுக்கு "கடலலை". தகதகிட அஞ்சு, அதுக்கு "சிறுபடகு". ஏழுக்கு மூண்டையும் நாலையும் சேர்த்து "படகு கடலலை", ஒன்பதுக்கு "கடலலை சிறுபடகு". ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு, தொடையில தட்டட்டும். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் எண்ட பேரெல்லாம் மூண்டாம் நாள் சொன்னால் போதும், அதுக்குள்ள கை பழகியிருக்கும். ரெண்டு பக்கமாப் பிரிச்சு ஒரு பக்கம் படகு, மற்றப் பக்கம் கடலலை எண்டு விட்டுப் பாருங்கோ, 12 தட்டில ரெண்டு பக்கமும் ஒண்டாச் சேரும், அப்ப போடுற கூச்சல் றோட்டுக்குக் கேக்கும்.

9.30க்கு சாப்பாடு. 10 மணிக்கு முத்திரை. ஒற்றைக்கை முத்திரை 28 இருக்கு, அஞ்சு நாளில முடிக்க வெளிக்கிடாதேங்கோ, ஒரு நாளைக்கு நாலு. பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம், இந்த நாலையும் வைச்சு அவையளையே ஒரு கதை கட்டச் சொல்லுங்கோ. 10.40க்கு கும்மி, கோலாட்டம் மாதிரி எல்லாரும் சேர்ந்து ஆடுறது. 11.15க்கு படுத்து மூச்சு விட்டு ஆறுறது.

ஒரு நாளைக்குக் கூத்து அண்ணாவியார் (கூத்துப் பழக்கிறவர்) ஒருத்தரைக் கூப்பிடுங்கோ. வட்டுக்கோட்டைப் பக்கம் வடமோடி, பாசையூர், குருநகர்ப் பக்கம் தென்மோடி எண்டு ரெண்டு வகைக் கூத்து, இவ்வளவு கிட்ட இருந்தும் எங்கட நடனப் பிள்ளையள் கனபேர் மத்தளத்தைக் கிட்டடியில கண்டதில்லை. வட இலங்கைச் சங்கீத சபை வைக்கிற கிறேட் சோதினைக்குப் பயன்படுமோ எண்டு ஒரு அம்மா கட்டாயம் கேப்பா. சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ.

வெளிநாட்டுப் பிள்ளையள் ஒரு மூலையில சேர்ந்து நிண்டு தங்களுக்குள்ள இங்கிலீசு, பிரெஞ்சு எண்டு கதைப்பினம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு உள்ளூர்ப் பிள்ளையைச் சோடி சேர்த்து விடுங்கோ. எண்ணிக்கையை ஒன், ரூ எண்டு மாத்தாதேங்கோ, தகதிமிக்கு மொழிபெயர்ப்பு இல்லை. வெக்கையை அவையள் உள்ளூர்ப் பிள்ளையள் மாதிரித் தாங்கமாட்டினம், அதால தண்ணியை அடிக்கடி ஞாபகப்படுத்துங்கோ.

சாப்பாடு, மருந்து

திருவிழாக் காலத்தில கனவீட்டில விரதம், அதால சைவம்தான். அவிச்ச கடலை, வாழைப்பழம், தேசிக்காய்த் தண்ணி, மோர். ரோல்ஸ், கேக் எண்டு குடுத்திட்டு ஆடவிட்டால் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருப்பினம். ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புக் கரைசல்) பக்கற் அஞ்சாறு வாங்கி வையுங்கோ. தலைச்சுத்து எண்டால் உடன நிழலில படுக்கவிட்டு ஈரத்துவாய் போடுங்கோ, தெளியாட்டி 1990க்கு எடுங்கோ, அம்புலன்சுக்குக் காசு இல்லை.

காசு

ஒரு கணக்குக்குச் சொல்லுறன். ஆளுக்கு 4,000 ரூபா, 20 பேர், 80,000. சாப்பாடு நாளைக்கு 150 ரூபாப்படி 15,000. உதவிக்கு ரெண்டு பெரிய மாணவியள், நாளைக்கு 1,500 படி 15,000, அவையளுக்குச் சும்மா வேலை குடுக்காதேங்கோ. மிருதங்கக்காரருக்கும் அண்ணாவியாருக்கும் 10,000. நோட்டீஸ், மருந்து, கோலாட்டத் தடி 8,000. மிச்சம் 32,000, அதுக்குள்ள மண்டப வாடகையும் கறண்டும் உங்கட சம்பளமும். வீட்டில வைச்சால்தான் கையில ஏதும் நிக்கும், முதல் வருசம் பெரிசா எதிர்பாக்காதேங்கோ. சகோதரங்கள் ரெண்டு பேர் வந்தால் ரெண்டாவதுக்கு அரைவாசி எண்டு போடாட்டி ஒருத்தரும் வரமாட்டினம்.

போம், படலை

பேர், வயசு, வருத்தம் ஏதும் இருக்கோ, என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஆர் கூட்டிக்கொண்டு போவினம், படம் எடுத்துப் போடலாமோ. இவ்வளவும் கடதாசியில எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ, வட்ஸ்அப்பில "ஓம் ரீச்சர்" எண்டு வந்ததை நம்பாதேங்கோ. போமில பேர் இல்லாத மாமா ஓட்டோவில வந்து நிண்டால் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டுப்போட்டுத்தான் பிள்ளையை விடவேணும், மாமா கோவிச்சாலும் பரவாயில்லை.

கடைசி நாளுக்கு மேடை, மேக்கப், பிரதம விருந்தினர் ஒண்டும் வேண்டாம். 10.30க்கு அம்மா அப்பாமாரை வரச்சொல்லி அதே நிலத்தில இருத்துங்கோ. பிள்ளையள் படகும் கடலலையும் சொல்லிக்குடுத்து அவையளையும் தட்ட வைக்கட்டும். போன வருசம் ஒன்பதில ஒரு அப்பா மட்டும் கடைசி வரைக்கும் பிழைக்காமல் நிண்டார், பாத்தால் மனிசன் சின்னனில மிருதங்கம் பழகினவராம்.